உப்புத்தாள் போட்டா மலை செங்குத்தாகுது! மீன் தொட்டிக்குள்ள இமயமலை

வணக்கம் மக்களே! இன்னைக்கு மீனும் இல்ல, மார்க்கெட்டும் இல்ல. மலை எப்படி உருவாகுதுன்னு பார்க்க, மீன் தொட்டியில மணல கொட்டி பலகையால தள்ளிப் பார்த்தேன். நேத்து சாயங்காலத்துல இருந்து எனக்கு கால் தரையில நிக்கல, ஏன்னா மணல் உடைஞ்சிருச்சு! உடைஞ்சதுன்னா சும்மா சரியல, கண்ணாடிக்கு அந்தப் பக்கம் சாய்வா ஒரு கோடு விழுந்து, நான் பார்த்துக்கிட்டு இருக்கும்போதே ஒரு அடுக்கு இன்னொரு அடுக்கு மேல ஏறுது. ஏறி உக்காந்துச்சு. கொஞ்ச நேரம் கழிச்சு அதுக்கு முன்னாடி இன்னொரு கோடு.

எங்க அண்ணன் மகன் ஜியாலஜி படிக்கிறான்ல, ஓலைக்குடா வீடியோவுல கேமரா புடிச்சானே அவன்தான், லீவுக்கு வந்தவன் "அத்தை, மலை எப்படி உருவாகுதுன்னு யுனிவர்சிட்டில மணல் பெட்டி வச்சு ஆராய்ச்சி பண்றாங்க தெரியுமா"ன்னான். மணலா? எங்க ஊரு உச்சிப்புளியில வேற எதுக்கு பஞ்சம் வந்தாலும் மணலுக்கு வராதுல்ல. வீட்டுக் கொல்லையில அள்ளி, சல்லடையில சலிச்சு, எங்கம்மா கருவாடு காயப்போடுற தார்ப்பாயில நல்லா காய வச்சேன். காயணும் மக்களே, ஈரம் இருந்தா துகள் ஒண்ணோட ஒண்ணு ஒட்டிக்கும், அப்புறம் நம்ம பெட்டி சைசுக்கு அது ரொம்ப கெட்டியாயிரும். காஞ்ச மணல் உடையுற விதமும் பூமியோட மேல் ஓடு உடையுற விதமும் கிட்டத்தட்ட ஒண்ணு, அதனாலதான் லேபுல இத எடுக்குறாங்க, பெட்டியில 1 சென்டிமீட்டர்னா வெளிய சுமார் 1 கிலோமீட்டர்னு கணக்கு.

தொட்டி பழசுதான், விரால் விட்டேனே அது. இடையில இடையில அடுக்கு தெரியணும்னு கோலப்பொடி கலர் கலந்த மணல் மெல்லிசா ஒரு வரி. தள்ளுறதுக்கு ஒரு பலகை வேணும், தொட்டி அகலத்துக்கு சரியா, சைடுல மணல் ஒழுகாம. இதுக்குத்தான் ராமநாதபுரம் போனேன். ஒரு கடையில அக்ரிலிக் ஷீட்டு கேட்டா முழு ஷீட்டாதான் தருவேன்ங்கிறாரு, வெட்டி கேட்டா 480 ரூபாயாம், ஒரு அடி துண்டுக்கு! ஏங்க, 480 ரூபாய்க்கு நான் அரை கிலோ பாறை மீன் வாங்கி குழம்பு வச்சுட்டு மிச்சத்துக்கு பஸ்ஸுல வீடு வந்துருவேன். அப்படியே திரும்பி வர்ற வழியில போட்டோ ஃப்ரேம் போடுற அண்ணன் ஒருத்தரு, கழிவுல கிடந்த துண்ட எடுத்து, அளவு கேட்டு, ஓரம் தேச்சு, 60 ரூபாய்னாரு. அறுபது! அந்த அண்ணனுக்கு நல்லா இருக்கட்டும். இந்த வீடியோவுல வர்ற மொத்த மலையும் அந்த 60 ரூபாய் துண்டு தள்ளுனது.

சரி, தள்ளுனா என்ன ஆகுதுன்னா, வாலிநோக்கம் உப்பளத்துல பலகை போட்டு உப்ப இழுக்கும்போது முன்னாடி ஒரு குவியல் சேரும்ல, பலகைகிட்ட உசரமா முன்னாடி போகப்போக தணிஞ்சு ஆப்பு மாதிரி நிக்கும்ல, அதேதான். அந்த ஆப்புக்கு ஒரு சாய்வு இருக்கு, அந்த சாய்வு வர்ற வரைக்கும் குவியல் தனக்குள்ளயே மடங்கி உடைஞ்சு உசரும், வந்ததும் மொத்தமா வழுக்கி முன்னாடி நகரும், முன்னாடி புது மணல் சேந்ததும் மறுபடி உசரும். இத 1983-ல டேவிஸ், சுப்பே, டாலன்னு மூணு பேரு கணக்கு போட்டு எழுதிட்டாங்க. மலைத்தொடர் ஆராய்ச்சியில இன்னைக்கும் அந்த கணக்குதான் ஓடுது.

ஐயோ ஒண்ண விட்டுட்டேன், பெட்டியோட தரை! அதுதான இந்த வீடியோவே. முதல்ல வெறும் கண்ணாடி தரை, வழவழன்னு இருக்கு, தள்ளுனா மலை தாழ்வா நீளமா போச்சு. அடுத்து தரையில ஆசாரிமார் மரம் தேய்க்கிற உப்புத்தாள் ஒட்டிட்டு அதே மணல அதே உசரத்துக்கு கொட்டி தள்ளுனேன், மலை நீளம் குறைஞ்சு செங்குத்தா எந்திரிச்சு நிக்குது! மணல் ஒண்ணு, பலகை ஒண்ணு, மாறுனது அடியில இருக்குற உராய்வு மட்டும்தான். ஒரு மலைத்தொடர் எவ்வளவு அகலமா இருக்கும் எவ்வளவு சாய்வா இருக்கும்ங்கிறதுல பாதி விஷயம் கண்ணுக்கே தெரியாத அந்த அடித்தளத்துல இருக்கு.

இப்ப நிஜ மலைக்கு வாங்க. பாகிஸ்தான் பஞ்சாப்ல சால்ட் ரேஞ்சுன்னு ஒரு மலை வரிசை, இமயமலையோட தெக்கு ஓரம். அங்க அடியில 50 கோடி வருஷத்துக்கும் முந்தின உப்பு படுத்திருக்கு. அழுத்தம் கொடுத்தா உப்பு பாறை மாதிரி முரண்டு பிடிக்காது, மெதுவா வழிஞ்சு கொடுக்கும். அதனால அதுக்கு மேல இருக்குற பாறை பூரா பெருசா உசராமலே, சாய்வே இல்லாத மாதிரி, நூறு கிலோமீட்டருக்கு மேல அகலமா பரந்து கிடந்து வழுக்கிக்கிட்டு வந்திருக்கு, அந்த மேட்டுக்கு போட்வார்னு பேரு. அப்படியே கிழக்க வந்தீங்கன்னா, அடியில உப்பு இல்லாத இடத்துல, மலை குறுகி செங்குத்தாகுது. என் தொட்டியில கண்ணாடிக்கும் உப்புத்தாளுக்கும் பார்த்த அதே வித்தியாசம் மக்களே, எனக்கு புல்லரிச்சிருச்சு!

அந்த உப்பு எதுன்னு நினைக்கிறீங்க? கேவ்ரா சுரங்கத்து உப்பு, நாட்டு மருந்துக் கடையில இந்துப்பு, சூப்பர் மார்க்கெட்ல ஹிமாலயன் பிங்க் சால்ட். அதுவும் கடல் காஞ்சு உண்டான உப்புதாங்க! போன வாரம் ஒரு கடையில அரை கிலோ 95 ரூபாய்னு போட்டிருக்கான், பக்கத்து தட்டுல நம்ம கல்லுப்பு கிலோ 20. வெயில்ல கால் வெடிக்க வெடிக்க நம்ம பொம்பளைங்க வாருற உப்புக்கு அந்த மரியாதை இல்லையேன்னு எனக்கு ஆத்திரமா வருது. ஒரு மலைத்தொடரையே வழுக்க வச்ச உப்புன்னு சொல்லி வித்தா கூட ஏத்துக்குவேன், இவன் உடம்ப சுத்தம் பண்ணும்னு எழுதி வச்சிருக்கான்.

போன ஷார்ட்ஸுல ஒருத்தரு "கொல்லை மண்ண வச்சு இமயமலைய கண்டுபிடிப்பீங்களா"ன்னு கேட்டிருந்தாரு. கேள்வி சரிதான். 2016-ல ஒரு ஆய்வு வந்துச்சு, 15 லேப் சேந்து பண்ணுனது. எல்லா லேபுக்கும் ஒரே குவார்ட்ஸ் மணல், ஒரே கொரண்டம்ங்கிற கெட்டித் தாது மணல் அனுப்பி, இப்படித்தான் கொட்டணும் இப்படித்தான் தள்ளணும்னு விதி போட்டு பண்ணிருக்காங்க. ஆப்பு வளர்ற முறை எல்லா இடத்துலயும் ஒத்து வந்துச்சு, ஆனா எத்தனை உடைவு, எவ்வளவு இடைவெளிங்கிறதுல ஆளுக்கு ஆள் வித்தியாசம். அப்போ பெட்டியில எத நம்பலாம் எத நம்பக்கூடாதுன்னு அவங்களே சோதிச்சு வச்சிருக்காங்க. சில லேபுல பெட்டிய எக்ஸ்ரே சிடி ஸ்கேன்ல வச்சு, உடைக்காமலே உள்ள பார்க்குறாங்க. இந்த நேர்மை எனக்கு ரொம்ப புடிச்சிருக்கு.

புது உடைவு முன்னாடி விழுதுன்னு சொன்னேன்ல, இமயமலையும் அப்படித்தான். ஒரு பாறை அடுக்கு இன்னொண்ணு மேல ஏறுற உடைவுக்கு த்ரஸ்ட்னு பேரு. வடக்க மெயின் சென்ட்ரல் த்ரஸ்ட், சுமார் 2 கோடி வருஷத்துக்கு முன்னாடி மும்முரமா ஓடுனது, அப்புறம் தெக்க மெயின் பவுண்டரி த்ரஸ்ட், இப்ப சமவெளி ஓரத்துல மெயின் ஃப்ரன்டல் த்ரஸ்ட். வருஷத்துக்கு சுமார் 2 சென்டிமீட்டர் இந்தியா இமயமலைக்கு அடியில போய்க்கிட்டு இருக்கு, ஜிபிஎஸ்ல அளந்தது. என் மணல் நைசா வழுக்கும், நிஜ பாறை பூட்டிக்கும், நூத்துக்கணக்கான வருஷம் பூட்டிக்கிட்டு ஒரே நாள்ல விடும். 2015 ஏப்ரல் 25 நேபாளத்துல 7.8 அளவுல நிலநடுக்கம், காத்மாண்டு பக்கம் தரை சுமார் ஒரு மீட்டர் உசந்துச்சு, ஆனா அந்த உடைவு முன்னாடி ஓரம் வரைக்கும் வரவே இல்ல, பாதியில நின்னுருச்சு. அதுக்காக அடுத்த மாசம் இந்த தேதியில வரும்னு சொல்ற சேனலெல்லாம் தயவுசெஞ்சு எனக்கு அனுப்பாதீங்க. சுனாமி பார்த்த ஊரு இது, இங்க பீதிய விக்காதீங்க.

நம்ம ஊருக்கு என்ன சம்பந்தம்னு கேட்ட தங்கச்சிக்கு: இமயமலையில கரையுற மண்ணு கங்கை, பிரம்மபுத்திரா வழியா வங்காள விரிகுடாவுல இறங்கி, கடலடியில சுமார் 3000 கிலோமீட்டர் நீளத்துக்கு படிஞ்சு கிடக்கு, இலங்கைக்கு கிழக்கால தாண்டி தெக்க வரைக்கும். 2015-ல கப்பல் வச்சு 8 டிகிரி வடக்குல துளை போட்டு அந்த மண்ண எடுத்தாங்க. நம்ம ராமேஸ்வரம் 9 டிகிரி சொச்சம்! மலை எப்ப எவ்வளவு கரைஞ்சதுங்கிற பதிவு கடலுக்கு அடியில இருக்கு.

அடுத்த வீடியோவுல மலை வளரும்போதே மேல இருந்து கரண்டியால மணல வழிச்சு எடுக்கப் போறோம், மழை கரைக்கிற மாதிரி. அப்படி எடுத்தா பின்னாடி ஓய்ஞ்சு கிடக்குற பழைய உடைவு மறுபடி நகரும்ங்கிறான் மருமகன், பார்ப்போம். உப்புக்கு பதிலா லேபுல ஒரு சிலிக்கோன் பசை போடுவாங்களாம், ஆன்லைன்ல விலைய பார்த்து மூடிட்டேன். இப்ப நான் ஒட்டுனது 80-ஆம் நம்பர் உப்புத்தாள், அதவிட நைசா 220 போட்டா சாய்வு குறையுமா குறையாதா? தச்சு வேலை பார்க்குற அண்ணன்மாரு யாராவது கமென்ட்ல வாங்க.