கை மட்டும் தெரிந்தால் போதும்

வானொலி நேயர்களுக்கு வணக்கம். நான் பேச்சாளன் இல்லை. மண்டபத்துக்கும் கீழக்கரைக்கும் நடுவே இருக்கிற கடற்கரை ஊர்களில் 31 வருடம் சைக்கிளில் தபால் கொடுத்தவன். கையில் பை இல்லாமல் பேசுவதே எனக்கு ஒரு மாதிரியாக இருக்கிறது. கஷ்டப்படுகிற குடும்பங்களுக்கு ஊரார் செய்யும் உதவியைப் பற்றிப் பேசச் சொன்னார்கள். எட்டு நிமிடம்.

எந்த வீட்டில் கஷ்டம் என்று தபால்காரனுக்கு முதலில் தெரிந்துவிடும். மணியார்டர் வந்தால் திண்ணையில் உட்கார்ந்து நாலு பேர் பார்க்க எண்ணி வாங்குகிற வீடு உண்டு. “உள்ள வாங்கண்ணே” என்று கூப்பிட்டு, கதவை ஒருக்களித்துச் சாத்திவிட்டு வாங்குகிற வீடும் உண்டு. கதவைச் சாத்தினால், தெருமுனையில் வட்டிக்காரன் நிற்கிறான் என்று அர்த்தம். நான் பார்த்த வரையில் கஷ்டம் வந்த வீடு முதலில் செய்கிற காரியம் கதவைச் சாத்துவதுதான். இதைக் கொஞ்சம் ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள், திரும்ப வருகிறேன்.

ஓய்வு பெற்ற பிறகு நாங்கள் ஆறு பேர் சேர்ந்தோம். ஜமாத்தில் பைத்துல்மால் என்கிற பொது நிதிக்குக் கணக்குப் பார்த்த ஒரு காக்கா (எங்கள் பக்கம் முஸ்லிம் அண்ணனை அப்படித்தான் கூப்பிடுவோம்), மாதாகோயிலில் வின்சென்ட் தே பவுல் சபையில் இருந்த ஒருவர், மளிகைக் கடைக்காரர், ஒரு டீச்சரம்மா, ஐஸ் கம்பெனியில் கணக்கு எழுதியவர், நான். சங்கத்துக்குப் பெயர் வைக்கலாம் என்று இரண்டு மாதம் விவாதித்தோம். பெயர் இன்றைக்கு வரைக்கும் வைக்கவில்லை.

முதல் வருடம் நாங்கள் செய்த கூத்தைச் சொல்ல வேண்டும். மீன்பிடித் தடைக்காலம். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, 61 நாள் விசைப்படகு கடலுக்குப் போகக் கூடாது. மீன் குஞ்சு பொரித்துப் பெருக வேண்டும், அதில் எனக்கு மறுப்பில்லை. 25 குடும்பத்துக்குத் தலா பத்து கிலோ அரிசி என்று முடிவு செய்தோம். பந்தல் போட்டோம், பேனர் கட்டினோம், மைக் வைத்தோம். பேனரில் எங்கள் ஆறு பேர் படமும் இருந்தது. என் படம் கொஞ்சம் பெரிசு, அதையும் சொல்லிவிடுகிறேன்.

கருவாடு காயப்போடுகிற ஒரு தங்கச்சி, புருஷன் இல்லை, இரண்டு பிள்ளைகள். பெயரைக் கூப்பிட்டோம், வரவில்லை. காதில் விழவில்லை போல என்று மைக்கில் மறுபடியும் சத்தமாகக் கூப்பிட்டோம். மறுநாள் நானே மூட்டையைச் சைக்கிளில் வைத்துக் கொண்டுபோனேன். கதவை ஒருக்களித்துச் சாத்திவிட்டுச் சொன்னாள்: “அண்ணே, அரிசி ரேஷன்ல சும்மாவே வருது. சிலிண்டர் தீந்து பன்னெண்டு நாளாச்சு, கருவேல முள்ளு வச்சுத்தான் எரிக்கிறேன். ஒரு வார்த்தை கேட்டிருந்தா சொல்லியிருப்பேன். மைக்குல பேரக் கேட்டதும் எம்பய எந்திரிச்சுக் கடக்கரைக்குப் போயிட்டான். ராத்திரி ஒம்பது மணிக்குத்தான் வந்தான்.”

நான் மூட்டையை இறக்கவா, திரும்பக் கொண்டுபோகவா என்று தெரியாமல் நின்றேன்.

அவள் சொன்னது எவ்வளவு சரி பாருங்கள். 2011 ஜூன் மாதத்திலிருந்து நம் ரேஷன் கடையில் அரிசி இலவசம். ரொம்ப ஏழைக் குடும்பங்களுக்குத் தருகிற அந்தியோதயா அட்டைக்கு மாதம் 35 கிலோ. வீட்டில் இல்லாதது எண்ணெய், பருப்பு, சிலிண்டர், மதுரை பெரியாஸ்பத்திரிக்குப் போக பஸ் காசு, அடகுக் கடையில் மூழ்கப்போகிற தோட்டுக்குக் கட்ட வேண்டிய வட்டி. நாம் என்ன கொடுக்கிறோம்? அரிசி. ஏன்? மூட்டை போட்டோவில் நன்றாக விழும். வட்டி கட்டுவதை எப்படிப் போட்டோ எடுப்பது?

அப்புறம் முறையை மாற்றினோம். மளிகைக் கடைக்காரரிடம் ஒரு குடும்பத்துக்கு 1,500 ரூபாய் என்று முன்கூட்டியே கொடுத்துவிடுவோம். அந்த வீட்டு அக்கா சாயங்காலம் கடைக்குப் போய் வேண்டியதை வாங்கிக்கொண்டு “கணக்குல எழுதிக்கங்கண்ணே” என்பார். நம் ஊரில் கடைக்கு வருகிற பத்துப் பேரில் எட்டுப் பேர் அதைத்தான் சொல்கிறார்கள்! யாருக்கு என்ன தெரியப்போகிறது? சிலிண்டர் என்றால் கொண்டுவருகிற தம்பியிடமே பணத்தைக் கட்டிவிடுவோம். பிள்ளைக்கு பிஸ்கட் வாங்கலாமா கூடாதா என்று எங்களுக்குள் ஒரு பெரிய சண்டை வந்தது. வாங்கலாம் என்பது என் கட்சி. நம் பேரன் தின்கிற பிஸ்கட்டை நாம் கணக்குப் பார்க்கிறோமா?

வலது கை கொடுப்பது இடது கைக்குத் தெரியக் கூடாது என்று ஒரு கூட்டத்தில் காக்கா சொன்னார், இது ஹதீஸில், நபிமொழியில் இருக்கிறது என்றார். சபைக்காரர் விடவில்லை, இல்லை, இது எங்கள் பைபிளில் மத்தேயு சொன்னது என்றார். இரண்டிலும் இருக்கிறது. டீ ஆறிப் போனதுதான் மிச்சம்.

கை என்றதும் எனக்குச் சீதக்காதி ஞாபகம் வந்துவிடும். டீச்சரம்மா இதைக் கேட்டுக்கொண்டிருந்தால் இப்போதே சிரித்திருப்பார், நான் எங்கே போனாலும் கீழக்கரைக்கு வந்துவிடுவேன் என்று. சரி, தெரிந்த கதைதான், ஆனாலும் சொல்கிறேன். இராமநாதபுரத்தை ஆண்ட கிழவன் சேதுபதி காலத்தில் கீழக்கரையில் வாழ்ந்த வள்ளல், கப்பல் வணிகர். தராசில் ஒரு தட்டில் பொன்னும் மறு தட்டில் நெல்லும் வைத்து ஒன்றுக்கொன்று விற்கிற மாதிரி பஞ்சம் வந்தபோதும் அன்னதானத்தை நிறுத்தாதவர் என்று புலவர் பாடினார். அவர் இறந்த சேதி தெரியாமல் ஒரு புலவர் பரிசு கேட்டு வருகிறார். படிக்காசுப் புலவர் என்பார்கள். அடக்கம் செய்த இடத்துக்குப் போய் அழுகிறார். மண் விலகி ஒரு கை வெளியே நீள்கிறது, விரலில் மோதிரம். புலவர் கழற்றிக்கொள்கிறார். செத்தும் கொடுத்தான் சீதக்காதி.

நடந்ததா என்று என்னிடம் கேட்காதீர்கள். அந்த அடக்கத்தலத்துக்கு வெளியே சைக்கிளை நிறுத்திவிட்டு எத்தனையோ மதியம் இதை யோசித்திருக்கிறேன். கதை கட்டியவர்கள் முகத்தை வெளியே வர விடவில்லை, கவனித்தீர்களா? கை மட்டும்தான் வந்தது. “நான்தான் கொடுத்தேன், பார்த்துக்கொள்” என்று குரல்கூட வரவில்லை. எங்கள் பேனரில் என்ன இருந்தது? ஆறு முகம். கை ஒன்றுகூட இல்லை.

பணம் எங்கிருந்து என்று கேட்பீர்கள். என் அம்மா உலை வைக்கும்முன் ஒரு பிடி அரிசியை அள்ளித் தனிப் பானையில் போடுவார். பிடி அரிசி. மாதக் கடைசியில் அது யார் வீட்டுக்குப் போகும் என்று எங்களுக்கே சொல்ல மாட்டார். இப்போது பானைக்குப் பதில் தகர டப்பா, அரிசிக்குப் பதில் காசு. 40 வீட்டில் வைத்திருக்கிறோம். வளைகுடாவில் இருக்கிற பிள்ளைகளும் அனுப்புகிறார்கள். ஜகாத் என்பது கட்டாயக் கொடை, நூற்றுக்கு இரண்டரை, அதை யாருக்குக் கொடுக்கலாம் என்று முறை இருக்கிறது. அது ஜமாத் வழியாகப் போகும். ஸதகா மனமுவந்து கொடுப்பது, அதற்கு அந்தக் கட்டு இல்லை, அது எங்கள் டப்பாவுக்கு வரும்.

தடைக்காலத்துக்கு அரசாங்கம் மீனவக் குடும்பத்துக்கு 8,000 ரூபாய் தருகிறது. நல்லது. 61 நாளுக்கு வகுத்துப் பாருங்கள், நாளைக்கு 131 ரூபாய். மீனவர் பட்டியலில் பெயர் இல்லாமல் ஐஸ் உடைக்கிறவர், கூடை சுமக்கிறவர், கருவாட்டுத் தங்கச்சி போன்றவர்களுக்கு அதுவும் இல்லை. இன்னொன்று, ஜூனில் பள்ளிக்கூடம் திறக்கிறது, தடை முடிய இன்னும் சில நாள் இருக்கும். நோட்டு, செருப்பு, வேன் காசு எல்லாம் அந்த நாளில்தான் வந்து நிற்கும். தோடு அடகுக்குப் போவதும் அப்போதுதான். அதனால் நாங்கள் ஏப்ரலில் ஒன்றும் கொடுப்பதில்லை. மே 20க்கு மேல்தான் கடைக்காரரிடம் பணம் கட்டுவோம்.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ஒரு விரலைக் காட்டுகிறார்கள். ஒரு நிமிடமாம். கந்துவட்டியைப் பற்றி ஒரு தாள் முழுக்க எழுதி வந்தேன், போச்சு. சுருக்கமாக: 2003லிருந்து கந்துவட்டிக்குச் சட்டம் இருக்கிறது. வெற்றுத்தாளில் கையெழுத்துப் போடாதீர்கள், ரேஷன் அட்டையையும் ஏடிஎம் கார்டையும் அடகாகக் கொடுக்காதீர்கள். திங்கட்கிழமை இராமநாதபுரம் கலெக்டர் ஆபீஸில் குறைதீர் நாளில் மனு கொடுக்கலாம், எழுதத் தெரியாவிட்டால் யாரையாவது…

சரி, எழுதித் தர நான் இருக்கிறேன். அந்தத் தங்கச்சியின் பையன் இப்போது எங்கள் டப்பாக்களைச் சேகரிக்கிறான். யாருக்குப் போகிறது என்று அவனுக்கும் நாங்கள் சொல்வதில்லை. வணக்கம்.