எத்தனை நாள் என்று கேட்டால்

வணக்கம். நோயாளியை வெளியே பெஞ்சில் உட்காரவைத்துவிட்டு, கூட வந்தவர் மட்டும் டாக்டர் அறைக்குள் திரும்பி வந்து குரலைத் தாழ்த்திக் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. "எத்தனை நாள் சார் இருப்பாங்க?" பெருங்குடல், மலக்குடல் புற்றுநோயில் அந்தக் கேள்விக்குக் கணக்குப் போட்டுப் பதில் தேடுவதுதான் என் வேலை.

இதற்குப் பழைய அளவுகோல் ஸ்டேஜ். லண்டன் செயின்ட் மார்க்ஸ் மருத்துவமனையில் கத்பர்ட் டியூக்ஸ் என்ற மருத்துவர், கட்டி குடல் சுவருக்குள்ளேயே நிற்கிறதா, சுவரைத் தாண்டிவிட்டதா, நெறிக்கட்டிக்குப் போய்விட்டதா என்று 1932-இல் மூன்றாகப் பிரித்தார். இன்றைய ஸ்டேஜ் அதிலிருந்து வளர்ந்ததுதான். அமெரிக்கக் கணக்குப்படி, குடலோடு நின்றவர்களில் நூற்றுக்கு ஏறக்குறைய 90 பேர் ஐந்து வருடம் தாண்டுகிறார்கள், ஈரல் நுரையீரல் வரை பரவியவர்களில் 15 பேர் போலத்தான்.

சிக்கல் நடுவில் இருக்கிறது. இரண்டாம் ஸ்டேஜ், அதாவது கட்டி குடல் சுவரைத் தாண்டியும் நெறிக்கட்டிக்குப் போகாத நிலை என்றால், பெரும்பாலோருக்கு ஆபரேஷனே போதும், ஆனால் சிலருக்கு நோய் திரும்பி வரும். யாருக்கு என்று தெரியாமல் எல்லோருக்கும் கீமோ கொடுத்தால், தேவையே இல்லாத எத்தனையோ பேர் வாந்தியும் களைப்புமாக, சில மருந்துகளில் சட்டைப் பொத்தானைக்கூடப் போட முடியாதபடி விரல் மரத்துப்போய், மாதக்கணக்கில் அவதிப்பட வேண்டும். பழைய நோயாளிகளின் விவரங்களிலிருந்து கணினி தானே கற்றுக்கொள்ளும் மெஷின் லேர்னிங் உண்மையிலேயே உதவக்கூடிய இடம் இதுதான் என்று நினைக்கிறேன்.

2020-இல் நார்வேயின் ஆஸ்லோவில் ஒரு குழு செய்ததைச் சொல்கிறேன். வெட்டியெடுத்த கட்டியிலிருந்து மெல்லிய சீவல் எடுத்து, ஊதாவும் இளஞ்சிவப்புமாகச் சாயம் ஏற்றிய கண்ணாடித் தகடு எல்லா நோயியல் கூடத்திலும் இருக்கும். அதைப் படமெடுத்து, ஒரு கோடிக்கும் மேற்பட்ட சின்னத் துண்டுகளாக்கிக் கணினிக்குக் கொடுத்தார்கள். இது தசை, இது சளி என்று எதுவும் சொல்லிக்கொடுக்கவில்லை. இவர் பல வருடம் நன்றாக இருந்தார், இவர் சீக்கிரமே இந்த நோயால் இறந்தார், அவ்வளவுதான். அப்புறம் அது பார்த்தே இராத 1,122 பேரிடம் சோதித்தார்கள். மோசம் என்று கணினி ஒதுக்கியவர்களுக்கு, நல்லது என்று ஒதுக்கியவர்களைவிட இந்த நோயால் இறக்கும் அபாயம் மூன்று மடங்குக்கும் மேல் இருந்தது. புது ஊசி இல்லை, புது ஸ்கேன் இல்லை, ஏற்கெனவே அலமாரியில் கிடந்த அதே தகடு.

சரி, கணினி எதை வைத்துக் கற்றுக்கொண்டது? ஒவ்வொருவருக்கும் கடைசியில் என்ன ஆயிற்று என்பதை வைத்து. எனக்குக் கவலை அங்கேதான்.

என் மேஜையில் உள்ள பட்டியலில் ஒரு பெண்மணி. ஆபரேஷன் முடிந்து 27 மாதம் ஒழுங்காக ரத்தப் பரிசோதனைக்கு வந்தார், அதற்குப் பிறகு வரிசை காலி. இறந்துவிட்டாரா, மகள் வீட்டோடு போய்விட்டாரா, தெரியாது. இப்படிப்பட்டவர்களையெல்லாம் பட்டியலிலிருந்து தூக்கிவிட்டால், இறந்தவர்கள் மட்டும் முழுசாக மிஞ்சி, நோய் இருப்பதைவிடக் கொடியதாகத் தெரியும். உயிரோடு இருக்கிறார் என்றே எழுதிக்கொண்டால் நிலைமை இல்லாத அளவுக்கு நன்றாகத் தெரியும். அந்த 27 மாதம் அவர் இருந்தார் என்பது நிச்சயம், அதுவரை அவரைக் கணக்கில் வைத்துக்கொண்டு அங்கேயே விட்டுவிட வேண்டும். கப்லான், மையர் என்ற இரண்டு புள்ளியியலாளர்கள் 1958-இல் இதற்கு வழி சொன்னார்கள், டேவிட் காக்ஸ் என்ற இன்னொரு புள்ளியியலாளர் 1972-இல் அதை மேலே கொண்டுபோனார், மெஷின் லேர்னிங்கிலும் இதற்கென்றே முறைகள் வந்துவிட்டன. அப்படியிருந்தும் ஐந்து வருடம் இருப்பாரா மாட்டாரா என்று வெறும் ஆம்-இல்லை கேள்வியாக்கி, காலி வரிசைகளைக் கழித்துவிட்டு, 90 சதவீதம் சரியாகச் சொல்கிறோம் என்று வருபவர்களைப் பார்த்தால் எனக்குக் கோபம்தான் வருகிறது.

இதைவிடக் கஷ்டமானது ஒன்று உண்டு. வராமல் போனவர்கள் யார்? பஸ்ஸுக்குக் காசில்லாதவர்களும் எழுந்து வர முடியாத அளவுக்கு உடம்பு மோசமானவர்களும் அதில் அதிகம் இருந்தால், மேலே சொன்ன எந்த முறையும் அதைத் தானாகச் சரிசெய்யாது. சென்னையில் அடையாறு புற்றுநோய் நிறுவனத்தின் பதிவேட்டுக்காக ஊழியர்கள் ஆஸ்பத்திரி ஆஸ்பத்திரியாகப் போய்த் தகவல் திரட்டி, இறப்புப் பதிவுகளோடு ஒப்பிட்டுப் பார்க்கிறார்கள். கணினி செய்கிற எதையும்விட அந்த வேலையை நான் பெரிதாக மதிக்கிறேன். நார்வேயிலும் இங்கிலாந்திலும் தேறிய கணினி முறை இங்கே சரியாக இருக்குமா என்று சோதிக்கவே இந்த ஊர் நோயாளிகளின் முழு விவரம் வேண்டும்.

ஐந்து வருடம் இருக்க 70 சதவீதம் வாய்ப்பு என்று கணினி சொன்னால், உங்களைப் போன்ற நூறு பேரில் 70 பேர் இருப்பார்கள் என்று அர்த்தம். நீங்கள் எந்தப் பக்கம் என்று அதற்குத் தெரியாது.

கேட்டுக்கொண்டிருப்பவர்களில் சிகிச்சை முடித்தவர்கள் இருந்தால் ஒரு வேண்டுகோள். போன் நம்பர் மாறினால் ஆஸ்பத்திரியில் சொல்லிவிடுங்கள். வேறு ஊரில் வைத்தியம் பார்ப்பதாக இருந்தாலும் சொல்லுங்கள். வீட்டில் ஒருவரை இழந்திருந்தால், மனசு கொஞ்சம் தேறிய பிறகு, என்றைக்கு என்று அந்தத் தேதியை மட்டும் ஒரு போன் போட்டுச் சொல்லுங்கள்.