ஸ்கேனில் ஒளிராத கட்டி

வணக்கம் நேயர்களே. நியூரோ எண்டோகிரைன் கட்டி என்று சொன்னதும், "நியூரோ என்றால் மூளையிலா டாக்டர்?" என்று பலரும் பதறிப்போய்க் கேட்பார்கள். பெரும்பாலும் மூளைக்கும் இதற்கும் சம்பந்தமே இருக்காது. குடல், கணையம், நுரையீரல் என்று பல உறுப்புகளில், நரம்பின் குணமும் ஹார்மோன் சுரக்கும் குணமும் சேர்ந்த செல்கள் இருக்கின்றன. அவற்றில் உண்டாகும் கட்டி இது. 1907-இல் ஜெர்மன் மருத்துவர் ஓபர்ன்டோர்ஃபர் இதற்குக் 'கார்சினாய்டு' என்று பெயர் வைத்தார். புற்றுநோய் போலத் தெரிந்தாலும் சாதுவானது என்பது அவர் எண்ணம். பின்னாளில் அவரே அதைத் திருத்திக்கொண்டார்.

சிறுகுடலில் மிளகளவே இருக்கும் கட்டிகூடக் கல்லீரலுக்குப் பரவிவிடுவதுண்டு. சி.டி. ஸ்கேனில் அந்த மிளகு தப்பிவிடலாம். ஆனால் இந்தச் செல்களுக்கு ஓர் அடையாளம் உண்டு: சொமாடோஸ்டாடின் என்ற ஹார்மோன் வந்து ஒட்டும் ஏற்பிகள் இவற்றின் மேல் அடர்த்தியாக இருக்கும். அந்த ஹார்மோன் ரத்தத்தில் சில நிமிடங்களிலேயே சிதைந்துவிடும். அதனால் அதைப் போன்ற, எளிதில் சிதையாத ஒரு மூலக்கூறில் கேலியம்-68 என்னும் கதிரியக்கப் பொருளை இணைத்து ரத்த நாளத்தில் ஊசி போடுகிறோம். ஏறக்குறைய ஒரு மணி நேரம் கழித்து, கதிர்வீச்சைப் படமாக்கும் பெட் ஸ்கேன். மருந்து ஒட்டிய கட்டி அதில் ஒளிரும். கேலியத்தின் கதிர்வீச்சு 68 நிமிடத்துக்கு ஒரு முறை பாதியாகக் குறையும். மறுநாள் காலையில் ஏறத்தாழ ஒன்றும் மிஞ்சாது. கதிரியக்கம் என்ற சொல்லுக்கே பயப்படுகிறவர்கள் இதைக் கேட்டுக்கொள்ள வேண்டும்.

படத்தில் மண்ணீரலும் சிறுநீரகமும் இயல்பாகவே பளிச்சென்று தெரியும். கணையத் தலையின் ஒரு ஓரமும் சில நேரம் ஒளிர்ந்து, அனுபவசாலிகளையே ஏமாற்றப் பார்க்கும்.

எனக்கு அதிகக் கவலை தருவது ஒளிராத கட்டிதான். "ஸ்கேனில் எதுவும் தெரியவில்லையாம், கும்பிட்ட சாமி காப்பாற்றிவிட்டது" என்று நிம்மதியோடு வருகிறவர்களிடம் உண்மையைச் சொல்வது எளிதல்ல. வேகமாக வளரும் கட்டிகள் அந்த ஏற்பிகளை இழந்துவிடக்கூடும். அப்போது சர்க்கரையை அதிகமாக உறிஞ்சும் செல்களைக் காட்டும் எஃப்.டி.ஜி. பெட் ஸ்கேனில்தான் அவை வெளிப்படும். ஒரே நோயாளியின் கல்லீரலில் ஒரு கட்டி கேலியத்திலும் பக்கத்துக் கட்டி எஃப்.டி.ஜி.யிலும் ஒளிர்வதைப் பார்த்திருக்கிறேன். பரிசோதனைக்குத் திசு எடுக்கும் பயாப்ஸி ஊசியை எதில் செலுத்துவது என்பதே அங்கே பெரிய கேள்வி.

சிகிச்சையும் இந்தப் படத்தைப் பொறுத்ததே. அதே வகை மூலக்கூறில் கேலியத்துக்குப் பதிலாக லுட்டீசியம்-177 என்னும் இன்னொரு கதிரியக்கப் பொருளைச் சேர்த்தால், ஒட்டிய இடத்திலேயே அது கட்டியைத் தாக்கும். குடல், கணையக் கட்டிகளுக்கு 2018-இல் அமெரிக்கா இதை அனுமதித்தது. வழக்கமாக எட்டு வார இடைவெளியில் நான்கு முறை தருவார்கள். ஏற்பி இல்லாத கட்டியில் மருந்து ஒட்டாது; ஆகவே ஸ்கேன் பார்க்காமல் இதைத் தொடங்குவதில்லை.

ஸ்கேனுக்கு வருகிறவர்களிடம் ஒரு வேண்டுகோள். சொமாடோஸ்டாடினைப் போலவே அந்த ஏற்பிகளில் ஒட்டும் ஆக்ட்ரியோடைடு போன்ற மாதாந்தர ஊசி போட்டுக்கொள்பவர்கள், கடைசியாகப் போட்ட தேதியைத் தவறாமல் சொல்லுங்கள். அடுத்த ஊசிக்குச் சற்று முன்பாக ஸ்கேன் எடுப்பதே எங்கள் வழக்கம். கருவுற்றிருந்தாலோ தாய்ப்பால் கொடுத்தாலோ முன்கூட்டியே தெரிவியுங்கள். பழைய படங்களையும் பயாப்ஸி அறிக்கையையும் கையோடு கொண்டுவாருங்கள். நன்றி, வணக்கம்.