டாங்கோ பாட்டுல ஏன் எப்பவும் "கெட்டுப்போன பொண்ணு"? - உங்க கேள்விக்கு விளக்கம்

அடுத்த கேள்வி. "டாங்கோன்னா டான்ஸ்னு நினைச்சேன். வரிகளோட அர்த்தம் பார்த்தா, பாதிப் பாட்டுல ஒரு ஏழைப் பொண்ணு கேபரேக்குப் போய் கெட்டுப்போறா. ஏன் இதே கதை?"

நல்லா கவனிச்சிருக்கீங்க. ரெண்டு பாட்டை எடுத்துக்குவோம், ரெண்டுமே அர்ஜென்டினா தலைநகர் புவனோஸ் ஐரஸ்ல வந்த பாட்டு. 1920ல சாமுவேல் லின்னிக் எழுதின 'மிலோங்கிட்டா'. எஸ்தர்சீட்டான்னு ஒரு பொண்ணு, குட்டைப் பாவாடை, ரெட்டைப் பின்னல், அந்தப் பின்னல்ல வெயில் பட்டு மின்னும். இப்ப ராத்திரி கேபரேல இருக்கா, பேரும் மிலோங்கிட்டான்னு மாறிடுச்சு. ஆம்பளைங்கதான் உனக்குக் கெடுதல் பண்ணிட்டாங்கன்னு பாட்டு சொல்லுது. பழையபடி 'பெர்கால்' உடுத்த முடியும்னா உயிரையே குடுப்பாளாம். பெர்கால்னா மலிவான பருத்தித் துணி, நம்ம சீட்டித்துணின்னு வச்சுக்கோங்களேன். டாங்கோல கள்ளங்கபடமில்லாத வயசுக்கு அடையாளமே இந்தத் துணிதான்.

இன்னொண்ணு செலதோனியோ ஃப்ளோரஸ் எழுதின 'மார்கோ'. மார்கரீட்டாங்கிற பொண்ணு பிரெஞ்சு ஸ்டைல்ல மார்கோ ஆயிட்டா. இதுல பாட்டுக்காரன் நேர் எதிரா பேசுறான். உன்னை எந்த ரவுடியும் கெடுக்கல, பணக்கார ஆசை உன் மண்டையிலயே இருந்துச்சு, தப்பு உன்னோடதுதான்னு திட்டுறான். ஆனா அதே பாட்டுல அவ அம்மா வராங்க பாருங்க. மண்ணெண்ணெய் விளக்கு எரியற ஒண்டுக்குடித்தனத்துல, அடுப்பு எரியணும்னு வாரம் பூரா ஊரார் துணியைத் துவைக்கிறாங்க. ஏங்க, அந்த வீட்டை விட்டுக் கிளம்பினதுக்கு வேற காரணம் வேணுமா? திட்டுறவனே காரணத்தையும் சொல்லிட்டான்!

அந்த ஒண்டுக்குடித்தனத்துக்கு புவனோஸ் ஐரஸ்ல 'கொன்வென்டிஜோ'ன்னு பேரு. ஒரு முற்றம், சுத்தி ரூம், ரூமுக்கு ஒரு குடும்பம். 1869ல அந்த ஊர்ல ரெண்டு லட்சம் பேர் கூட இல்ல. 1914ல 15 லட்சத்தைத் தாண்டிடுச்சு, அதுல கிட்டத்தட்ட பாதிப் பேர் இத்தாலி, ஸ்பெயின்னு வெளிநாட்டுல பிறந்தவங்க. தலைகீழா மாறினது ஊரு. அதை மொத்தமா பாட முடியாம, ஒரு பொண்ணோட பேரு, பாவாடை, பின்னல்னு சின்னதா ஆக்கிப் பாடினாங்கன்னுதான் எனக்குத் தோணுது. எழுதினவங்க பெரும்பாலும் ஆம்பளைங்க வேற.

பின்னாடி அந்தப் பொண்ணு இல்லாமலேயே அதே ஏக்கம் வருது. 1948ல ஓமெரோ மான்சி எழுதின 'சூர்', அதாவது 'தெற்கு'. சான் ஹுவான், போயெதோங்கிற ரெண்டு தெருவும் சந்திக்கிற முக்குல ஆரம்பிக்கும். கொல்லன் பட்டறை, சேறு, வெள்ளம் வந்து நிக்கிற போம்பேயாங்கிற பேட்டைப் பக்கம்... எல்லாம் போச்சேன்னு புலம்பல். ஒரு காதலியும் வரா, ஆனா யாரையும் திட்டல. பேட்டை மாறிடுச்சு, அவ்வளவுதான்.

கேட்கணும்னா முதல்ல 'மார்கோ', டாங்கோவோட பெரிய பாடகர் கார்லோஸ் கார்தெல் குரல்லயே இருக்கு. அப்புறம் 'சூர்'. சரி, அடுத்த கேள்வி டாங்கோவுல வாசிக்கிற பந்தோனியோன்ங்கிற வாத்தியம் பத்தி...