கயோட்டி வேட்டைக்கு எந்த ரைஃபிள், எந்தத் தோட்டா, எந்த ஸ்கோப்? | டெக்சஸ் தமிழ் வ்லாக்

வணக்கம் மக்களே. கயோட்டி வேட்டைக்கு முதல் ரைஃபிள் வாங்கப் போறவங்களுக்கான வீடியோ இது. கயோட்டின்னா ஓநாய், நரி இனத்தைச் சேர்ந்த அமெரிக்கக் காட்டு விலங்கு. நான் டெக்சஸை வெச்சுத்தான் பேசறேன். சான் ஆஞ்சலோ சுத்துவட்டாரம், எட்வர்ட்ஸ் பீடபூமி, அந்தப் பக்கமெல்லாம் செம்மறியும் வெள்ளாடும் வளர்க்கிற ராஞ்சுகள் நிறைய. குட்டி போடற நேரத்துல கயோட்டி இறங்கிச்சுன்னா ராஞ்ச்காரருக்கு அது நேரடி நஷ்டம். அதனாலதான் அவங்களே கூப்பிட்டு நிலத்துக்குள்ள விடறாங்க. ஊர்ல இருந்து பாக்கிறவங்களுக்கு ஒரு வார்த்தை: இந்தியாவுல 1972 வனவிலங்குச் சட்டப்படி நரியை வேட்டையாடினாலே குற்றம். இது முழுக்க அமெரிக்க விஷயம்.

கடைக்குப் போனா முதல்ல ரைஃபிளைத்தான் எடுத்துக் காட்டுவாங்க. வரிசையை மாத்துங்க. முதல்ல தோட்டா, அப்புறம் ரைஃபிள், கடைசியா ஸ்கோப். தோட்டாவை முடிவு பண்ண ரெண்டு கேள்வி போதும். கயோட்டி எவ்வளவு தூரத்துல நிக்கப் போகுது? தோல் வேணுமா, வேணாமா?

தெற்கு டெக்சஸ் மெஸ்கீட் புதர்ல உக்காந்து காலர், அதாவது இரை கத்தற மாதிரி சத்தம் போடற கருவி, வெச்சுக் கூப்பிட்டா 30, 50, மிஞ்சிப் போனா 100 யார்டுல (ஒரு யார்டு மூணு அடி) வந்து நிக்கும். வடக்க பான்ஹேண்டில் பக்கம் திறந்த வயக்காடு, 200 முதல் 300 யார்டு சாதாரணம். டெக்சஸ் கயோட்டி பெரும்பாலும் 25, 35 பவுண்டுக்குள்ளதான், அதாவது 11லேருந்து 16 கிலோ. முடி புசுபுசுன்னு இருக்கிறதால கண்ணுக்குப் பெருசாத் தெரியும். ஆனா இதயமும் நுரையீரலும் இருக்கிற இடம் நம்ம வீட்டு காபி டபரா அகலம்தான், நாலஞ்சு இன்ச். அந்த அளவை மனசுல வெச்சுக்கிட்டு மீதியைக் கேளுங்க.

.17 ஹெச்எம்ஆர்ங்கிற சின்னத் தோட்டா போதுமான்னு கேப்பாங்க. 17 கிரெய்ன் (புல்லட் எடைக்கான அளவு, 15 கிரெய்ன் சுமார் ஒரு கிராம்) புல்லட், பேரல் வாயிலேயே சுமார் 245 ஃபுட்-பவுண்டு சக்திதான். 60, 70 யார்டுல சரியா நெஞ்சுல விழுந்தா வேலை செய்யும். கொஞ்சம் தள்ளிப் பட்டா அடிபட்டு ஓடிப் போயி, எங்கியோ கிடந்து ரெண்டு நாள் கழிச்சுச் சாகும். அந்தக் கொடுமை வேணாம். நான் சிபாரிசு பண்ண மாட்டேன்.

.204 ரூகர், .223 ரெமிங்டன், .22-250 ரெமிங்டன், .243 வின்செஸ்டர், இந்த நாலுல எது எடுத்தாலும் கயோட்டிக்குத் தாராளம். என் தேர்வு .223தான், முதல் ரைஃபிளுக்கு சந்தேகமே இல்லாம. ஏன்னா, 55 கிரெய்ன் புல்லட், 24 இன்ச் பேரல்ல செகண்டுக்கு 3,240 அடி வேகம். 200 யார்டுக்கு ஸீரோ பண்ணா, அதாவது அந்தத் தூரத்துல ஸ்கோப் குறியிலயே குண்டு விழற மாதிரி சரி பண்ணா, 300 யார்டுல ஏழு இன்ச் இறங்கும். .22-250ல அதே 55 கிரெய்ன் 3,680 அடி வேகத்துல போகும், 300ல அஞ்சு இன்ச் இறங்கும். ஆக வித்தியாசம் ரெண்டு இன்ச். இப்போ காத்துக்கு வாங்க. பக்கவாட்டுல மணிக்கு 10 மைல் காத்து அடிச்சா .223 புல்லட் 300 யார்டுல பத்து, பதினோரு இன்ச் ஒதுங்கும். .22-250 ஒன்பது இன்ச் ஒதுங்கும். மேற்கு டெக்சஸ்ல 10 மைல் காத்துங்கிறது அமைதியான நாள். தூரத்தை ரேஞ்ச்ஃபைண்டர் சொல்லிடும், காத்தை யாரும் சொல்ல மாட்டாங்க. தப்பற குண்டுல நிறைய காத்தாலதான் தப்புது, அங்க .22-250 உங்களைப் பெருசாக் காப்பாத்தாது. அதோட .223 தோட்டா விலை குறைவு, எந்தக் கடையிலயும் கிடைக்கும், சுடும்போது தோள்ல இடிக்கிற உதை ரொம்பக் கம்மி. உதை கம்மியா இருந்தா சுட்ட பிறகும் ஸ்கோப் வழியாவே குண்டு எங்க விழுந்துச்சுன்னு பாக்கலாம். ரெண்டாவது குண்டுக்கு அதுதான் முக்கியம்.

வருஷம் பூரா பான்ஹேண்டில்லதான் சுடப் போறேன்னா .22-250 எடுங்க, நல்ல தோட்டாதான். ஒரே ரைஃபிள்ல மானும் அடிக்கணும்னா .243. கயோட்டிக்கு 58 கிரெய்ன், மானுக்கு 95, 100 கிரெய்ன். ஆனா ரெண்டும் ஒரே இடத்துல விழாது, மாத்தறப்பல்லாம் ஸீரோ பாக்கணும்.

புல்லட்டுக்கு வர்றேன். இங்கதான் நிறைய பேர் கோட்டை விடறாங்க. பெட்டியில எஃப்எம்ஜேன்னு போட்டிருந்தா வேட்டைக்கு வேணாம். முழுக்க செம்பு உறை மூடினது, உடம்புல விரியாம ஊசி மாதிரி ஒரு பக்கம் நுழைஞ்சு மறுபக்கம் போயிடும். கயோட்டி அடிபட்டு ஓடும். புல்லட் தரையில பட்டு எகிறி எங்க வேணாலும் போகும். அந்தப் பக்கம் ராஞ்ச்காரரோட மாடு நிக்குது, வீடு இருக்குது. பிராக்டிஸுக்கு மட்டும் அதை வெச்சுக்கங்க.

வேட்டைக்கு மெல்லிய உறை போட்ட, நுனியில பிளாஸ்டிக் மூக்கு வெச்ச வார்மின்ட் புல்லட், அதாவது கயோட்டி மாதிரி சின்ன விலங்குகளுக்குன்னே செஞ்சது. ஹார்னடி வி-மேக்ஸ், நோஸ்லர் பாலிஸ்டிக் டிப் வார்மின்ட், சியரா பிளிட்ஸ்கிங், எதுன்னாலும் சரி. உள்ள போனதும் சிதறும். விலா எலும்புக்கு நடுவுல போச்சுன்னா பெரும்பாலும் வெளியில வராது, தோலும் கெடாது. ஆனா இதுக்கு ஒரு பலவீனம் இருக்கு. 35, 40 கிரெய்ன் லேசான புல்லட்டு பக்கத்துல, முழு வேகத்துல, தோள்பட்டை எலும்புல பட்டா மேலாப்புலயே சிதறிடும். வெளியில பாத்தா கோரமான காயம், உள்ள ஒண்ணும் ஆகாது. அதனால .223ல 50லேருந்து 55 கிரெய்ன் வரைக்கும் எடுங்க, .204ல 32க்கு பதிலா 40 கிரெய்ன். பக்கவாட்டுல நின்னா முன்னங்காலுக்கு ஒட்டிப் பின்னால, பாதி உயரத்துக்குக் கொஞ்சம் கீழ வைங்க. நேரா பாத்து நின்னா கழுத்து அடிவாரம். தோள்பட்டையை விட்டுடுங்க.

கலிஃபோர்னியாவுல இருக்கிறவங்க கவனிங்க, 2019 ஜூலை 1லேருந்து அங்க துப்பாக்கியால எந்தக் காட்டு விலங்கை அடிச்சாலும் ஈயம் இல்லாத புல்லட்தான் போடணும். செம்புக்கு அடர்த்தி கம்மி, அதனால அதே எடைக்கு புல்லட் நீளமா இருக்கும். நீளமான புல்லட் நிலையாப் பறக்க வேகமான ட்விஸ்ட் வேணும்.

அந்த ட்விஸ்ட் என்னன்னா, பேரல் உள்ள இருக்கிற வரி எத்தனை இன்ச்சுக்கு ஒரு முழுச் சுத்து சுத்துதுங்கிற கணக்கு. பேரல் மேலயே பொறிச்சிருக்கும். பழைய .223 பலதும் 1:12, அதுல 55 கிரெய்னோட நிறுத்திக்கணும். 1:9னா 69 கிரெய்ன் வரைக்கும் போகலாம். 1:8 வாங்கிட்டா 50லேருந்து 77 வரைக்கும் எல்லாமே ஓடும். டிக்கா டி3எக்ஸ், ரூகர் அமெரிக்கன் ராஞ்ச் ரெண்டுலயும் .223ல 1:8 வருது. பழைய .22-250 செகண்ட் ஹேண்டா வாங்கினா பெரும்பாலும் 1:14தான் இருக்கும். அதுல 60 கிரெய்னுக்கு மேல போட்டா புல்லட் தள்ளாடி, டார்கெட் பேப்பர்ல வட்டமா இல்லாம சாவித்துவாரம் மாதிரி ஓட்டை விழும்.

இப்போ கேமராவுக்குக் கிட்ட காட்டறேன், பாருங்க. இடது கையில .223 தோட்டா, வலது கையில .300 பிளாக்அவுட் தோட்டா. அடிப்பக்கம் ஒரே அளவு, ரெண்டும் ஒரே மேகஸின்ல உக்காரும். கழுத்தைப் பாருங்க, .300ல புல்லட் தடிமன் எவ்வளவு அதிகம்னு. இந்த .300 தோட்டா .223 சேம்பர்ல, அதாவது பேரல்ல தோட்டா உக்கார்ற அறையில, சில நேரம் உள்ள போய், பின்னால மூடற போல்ட்டும் மூடிக்கும். ட்ரிகர் இழுத்தா .30 புல்லட் .22 பேரல்ல அடைச்சு ரைஃபிளே வெடிக்கும். ரெண்டு ரைஃபிளும் வீட்டுல இருந்தா மேகஸின் கலரையே மாத்தி வைங்க. அடுத்தது 5.56. தோட்டா பாக்க .223 மாதிரியே இருக்கும். பேரல்ல வெறும் .223 ரெமிங்டன்னு பொறிச்சிருந்தா 5.56 போடாதீங்க, சேம்பருக்கு முன்னால இருக்கிற இடைவெளி கம்மி, அழுத்தம் எகிறும். 5.56ன்னோ .223 வைல்டுன்னோ இருந்தா ரெண்டும் போடலாம்.

போல்ட் ஆக்‌ஷனா, ஏ.ஆரா? போல்ட்ல ஒவ்வொரு குண்டுக்கும் கையால இழுத்து ஏத்தணும், ஏ.ஆர்ல அடுத்த தோட்டா தானாவே ஏறிக்கும். கயோட்டி அடிக்கடி ஜோடியா வரும், அங்க ஏ.ஆர் கை குடுக்கும். ஆனா ஏ.ஆர்ல ஒரு சிக்கல். இருட்டுல சத்தம் வரக்கூடாதுன்னு சார்ஜிங் ஹேண்டிலைக் கையில புடிச்சு மெதுவா விடுவாங்க. போல்ட் முழுசாப் பூட்டாம ஒரு மயிரிழை நின்னுடும். கயோட்டி வந்து நிக்கும், ட்ரிகர் இழுத்தா 'டிக்'. ஹேண்டிலை முழுசா இழுத்து அப்படியே விடுங்க, வண்டிகிட்டயே பண்ணிட்டு சேஃப்டி போட்டுட்டு நடங்க. இல்லேன்னா ஃபார்வர்ட் அசிஸ்ட்டை அழுத்திப் பாருங்க. புதுசா ஆரம்பிக்கறவங்களுக்கு நான் போல்ட் ஆக்‌ஷன்தான் சொல்வேன். எடை கம்மி, பேரல் 20, 22 இன்ச், ஒரு குண்டை ஒழுங்கா வைக்கிற பழக்கம் வரும். தடிமனான கனத்த பேரலெல்லாம் வேணாம், நாள் பூரா சுமந்து நடக்கணும்.

ஸ்கோப்புல எல்லாரும் பெரிய நம்பரைத் தேடறாங்க. சின்ன நம்பரைப் பாருங்க. 3-9x40, அதாவது 3லேருந்து 9 மடங்கு வரைக்கும் பெருசாக் காட்டற ஸ்கோப் எடுத்தா, 3ல வெச்சா 100 யார்டுல 33 அடி அகலம் தெரியும், 30 யார்டுல பத்து அடி. 9ல வெச்சா 30 யார்டுல வெறும் நாலு அடிதான், ஓடி வர்ற கயோட்டி அதுல சிக்காது, வெறும் முடி மட்டும் தெரியும். அதனால 3, இல்லேன்னா 2.5ல ஆரம்பிக்கிற ஸ்கோப் வாங்கி, உக்காரும்போதே குறைச்ச பவர்ல வைங்க. தூரத்துல நின்னா கூட்டிக்க நேரம் கிடைக்கும். 6-24ங்கிறதெல்லாம் தூரத்துல சுடற ப்ரெய்ரி டாகுங்கிற சின்ன அணில் வகைக்கு. ஸ்கோப்புக்குள்ள தெரியற குறிக்கோடுதான் ரெட்டிக்கிள்; அதுல கோடு கோடா இருக்கிறது செகண்ட் ஃபோகல் பிளேன்னா, அதாவது பவர் மாத்தினாலும் கோட்டோட அளவு மாறாத வகைன்னா, அந்தக் கோடுங்க ஒரே ஒரு பவர்லதான் சரியான அளவு காட்டும், வழக்கமா அதிகபட்ச பவர்ல. 4ல வெச்சுக்கிட்டு கீழ்க்கோட்டைப் பிடிச்சு சுட்டா குண்டு மேல போயிடும். 250 யார்டு வரைக்கும் .223ல மூணு இன்ச்தான் இறங்கும், சாதாரண டூப்ளெக்ஸ், அதாவது வெறும் சிலுவைக் கோடு, போதும்.

மாட்டும்போது ரிங் ஸ்க்ரூவை 15லேருந்து 18 இன்ச்-பவுண்டு, டார்க் ரெஞ்ச் வெச்சு. கையால முறுக்கிக் குழாயை நசுக்கினவங்க நிறைய.

ஸீரோ பண்றது 25 யார்டுல ஆரம்பிங்க. எம்ஓஏங்கிறது கோண அளவு, 100 யார்டுல சுமார் ஒரு இன்ச். ஸ்கோப் திருகு கால் எம்ஓஏ கிளிக்னா 25ல ஒரு இன்ச்சுக்கு 16 கிளிக், 100 யார்டுல நாலு கிளிக். 200 யார்டு ஸீரோவுக்கு போல்ட் ரைஃபிள்ல 25ல அரை இன்ச் கீழயும், 100ல ஒண்ணரை இன்ச் மேலயும் விழணும். ஏ.ஆர்ல ஸ்கோப் உயரமா உக்காந்திருக்கும், அதனால கணக்கு வேற: 25ல ஒண்ணேகால் இன்ச்சை விடக் கொஞ்சம் அதிகமாக் கீழயும், 100ல ஒரு இன்ச் மேலயும். அப்புறம் கட்டாயம் 200ல வெச்சு சுட்டுப் பாருங்க. அஞ்சு குண்டு க்ரூப், 100ல ஒண்ணரை இன்ச்சுக்குள்ள வந்தா டபராவுக்குப் போதும். மூணு குண்டு க்ரூப் அதிர்ஷ்டத்தாலயும் வரும். பேரல் ஆற விட்டு சுடுங்க, காட்டுல முதல் குண்டு எப்பவும் குளிர்ந்த பேரல்லேருந்துதான் போகுது. பேரலை நல்லா சுத்தம் பண்ணிட்டா முதல் ஒண்ணு ரெண்டு குண்டு வேற இடத்துல விழலாம், அதனால வேட்டைக்கு முன்னால ரெண்டு குண்டு ரேஞ்சுல சுட்டுட்டு கிளம்புங்க.

சட்டத்தை விட முடியாது, நம்ம ஆளுங்களுக்கு இது ரொம்ப முக்கியம். எச்-1பி, எஃப்-1 மாதிரி நான்-இமிகிரன்ட் விசாவுல இருக்கிறவங்க துப்பாக்கி, தோட்டா ரெண்டுமே வெச்சிருக்கக் கூடாதுன்னு ஃபெடரல் சட்டம் சொல்லுது. அதுல விலக்கு, செல்லுபடியாகிற அமெரிக்க வேட்டை லைசென்ஸ். கடையில 4473 படிவம் நிரப்பும்போது அதைக் காட்டணும். லைசென்ஸ் காலாவதியானா விலக்கும் போச்சு, துப்பாக்கி அலமாரியில சும்மா இருந்தாலும் அது வெச்சிருக்கிறதுதான். டெக்சஸ் லைசென்ஸ் ஆகஸ்ட் 31ல முடியும், அன்னைக்கே அடுத்த வருஷத்தது உங்க கையில இருக்கணும். கிரீன் கார்டு இருந்தா இந்தத் தடை இல்லை. 1971 செப்டம்பர் 2லயோ அதுக்குப் பிறகோ பிறந்தவங்க ஹன்டர் எஜுகேஷன் முடிக்கணும். டெக்சஸ்ல தனியார் நிலத்துல, உரிமையாளர் அனுமதியோட, கயோட்டிக்கு வருஷம் பூரா சீசன்தான், ராத்திரியும் சேத்து. ராத்திரிக்கான தெர்மல் ஸ்கோப் தனிக் கணக்கு, அதுக்குத் தனியா வீடியோ போடறேன். உங்க ரைஃபிள், ட்விஸ்ட், எந்த ஊர்ப்பக்கம் சுடப் போறீங்க, மூணையும் கமென்ட்ல போடுங்க, தோட்டா எதுன்னு சொல்றேன்.