பூநாரைக்கு ஒரு நாள், காளஹஸ்திக்கு வேறொரு நாள்

வணக்கம் மக்களே! சேலம் மூக்கனேரிக் கரையில் நின்று பேசுகிறேன். பின்னால் தெரிவது நம் சேர்வராயன் மலைதான். காற்றுச் சத்தம் கேட்டால் கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள்.

பூநாரை, அதாவது ஃபிளமிங்கோ பறவை பார்க்க பழவேற்காடு ஏரிக்கு ஒரு பஸ் எடுக்கலாம் என்று தெருவில் சொன்னேன். இரண்டே நாளில் 34 பேர் சேர்ந்துவிட்டார்கள். பழவேற்காடு என்றதும் நம்ம ஊர்தானே என்று நினைப்பீர்கள். ஊர் நம்முடையது, ஏரியின் பெரும்பகுதி ஆந்திராவில் இருக்கிறது. நாம் போகப்போவது அந்தப் பக்கம், சூலூர்பேட்டைக்கு. அங்கிருந்து ஸ்ரீஹரிகோட்டா போகிற ரோடு ஏரிக்கு நடுவிலேயே போகிறது. படகு வேண்டாம், சேற்றில் இறங்க வேண்டாம், ரோட்டோரம் நின்றாலே பூநாரை தெரியும். முட்டி வலிக்காரர்கள் பாதிப்பேர் வருகிற பஸ்ஸுக்கு இதைவிட என்ன வேண்டும்?

சேலத்திலிருந்து 400 கிலோமீட்டருக்கு மேல் வரும். அதனால் சனிக்கிழமை ராத்திரி ஒன்பது மணிக்கே கிளம்பிவிட வேண்டும். ஆத்தூர், உளுந்தூர்பேட்டை வழியாகப் போய் வண்டலூரில் வெளிவட்டச் சாலை ஏறினால், சென்னைக்குள் நுழையாமலே செங்குன்றம் பக்கம் போய்விடலாம். விடியும்போது ஏரியில் இருக்க வேண்டும். டிரைவர் கட்டாயம் இரண்டு பேர். இதில் பேரமே கிடையாது.

இப்போது பெர்மிட் கதை. போன வருஷம் ஒரு வண்டி பேசினோம். "எல்லாம் இருக்குங்க" என்றார்கள். எளாவூர் தாண்டி பார்டரில் நிறுத்திப் பேப்பரைப் பிரித்தால், தமிழ்நாட்டுக்கு மட்டும்தான் பெர்மிட். வண்டிக்கு ஆல் இந்தியா டூரிஸ்ட் பெர்மிட் இருக்க வேண்டும், இல்லையென்றால் அந்தப் பயணத்துக்கென்று ஸ்பெஷல் பெர்மிட் எடுக்க வேண்டும். பயணிகள் பட்டியலும் கையில் வேண்டும். அதையெல்லாம் சரிசெய்து ஏரிக்குப் போனபோது உச்சிவெயில். கானல் ஆடுகிறது, பூநாரை எல்லாம் தூரத்தில் வெள்ளைப் புள்ளி. இந்த முறை பெர்மிட்டைக் கண்ணால் பார்த்த பிறகுதான் அட்வான்ஸ்.

காலையில் போனால் எப்படி இருக்கும் தெரியுமா? பூநாரை தலையைக் கவிழ்த்து, அலகைத் தலைகீழாகத் தண்ணீரில் வைத்து, சேற்றுத் தண்ணீரை உறிஞ்சி வடிகட்டும். அதில் கிடைக்கிற பாசியும் சின்ன இறாலும்தான் அந்த இளஞ்சிவப்பு நிறத்தைத் தருகின்றன. ஆழம் குறைந்த தண்ணீர்தான் அதற்குச் சரிப்படும். மழை முடிந்து ஏரி கொஞ்சம் வடிய வேண்டும். அதனால்தான் தை மாதக் கடைசியில் வைத்திருக்கிறேன். முகூர்த்த நாளாகப் பார்த்துவிடாதீர்கள், பஸ்ஸே கிடைக்காது. ராக்கெட் விடுகிற நாளும் வேண்டாம், அந்த ரோட்டில் கெடுபிடி இருக்கும்.

ஏரியை முடித்துவிட்டு, சூலூர்பேட்டையில் டிபன், அப்புறம் 20 கிலோமீட்டர் வடக்கே நேலப்பட்டு பறவைகள் சரணாலயம். அங்கே தண்ணீருக்குள் நிற்கிற மரங்களில் கூழைக்கடா (பெலிகன்) கூடு கட்டும். குஞ்சு கூட்டைவிட்டு நகராது, ஆகவே பத்து மணி வெயிலில் போனாலும் ஏமாற்றம் இல்லை. இந்த வரிசையை மாற்றக் கூடாது. இரண்டு மணிக்குத் திரும்பினால் பதினொன்றுக்குள் வீடு.

சாப்பாட்டில் ஒன்று மட்டும். தட்டுவடை செட்டை இங்கேயே போட்டு எடுத்து வராதீர்கள். விழுப்புரம் வருவதற்குள் நமுத்து, பீட்ரூட் சாறு இறங்கி, பையெல்லாம் சிவப்பாகிவிடும். தட்டுவடை தனி, துருவல் தனி, சட்னி தனி.

இப்போது பாக்கி இருக்கிற பிரச்சினை எதிர்வீட்டுப் பெரியம்மா. "அவ்வளவு தூரம் போறோமே கண்ணு, காளஹஸ்தி பக்கம்தானே, அப்படியே திருப்பதியும் பார்த்துட்டு வந்துடலாமே" என்கிறார். அவர் சொன்னதும் பதினோரு பேர் அந்தப் பக்கம் சாய்ந்துவிட்டார்கள். பெருமாள் வருஷம் பூராவும் அங்கேதான் இருப்பார், பூநாரை இருக்காது என்று சொல்லிப் பார்த்தேன். "அப்போ ரெண்டு பஸ்ஸா எடு" என்றார்.

சாயங்காலம் மறுபடி போய்ப் பேச வேண்டும். முறுக்கு வாங்கிக்கொண்டுதான் போகப்போகிறேன்.