சாக்கா விங்கர் ஆனது லெஃப்ட் பேக்கில்தான்

வணக்கம் மக்களே. மேஜை மேல் ஒரு பாட்டில் மூடி, ஒரு அழிப்பான், இரண்டு பென்சில் வைத்திருக்கிறேன். எதற்கு என்று கொஞ்ச நேரத்தில் தெரியும். இன்றைக்குப் பேசப்போவது லண்டன் கால்பந்து அணி ஆர்சனலின் புகாயோ சாக்கா பற்றி. இவரைப் பற்றிப் பேச்சு எடுத்தாலே எல்லோரும் அந்த யூரோ (ஐரோப்பிய நாடுகளின் கோப்பை) இறுதிப் போட்டியில் அவர் தவறவிட்ட பெனால்டியில் போய் நிற்கிறார்கள். நானும் அங்கே வருவேன், ஆனால் முதலில் அல்ல. என்னைக் கேட்டால், அவரை இந்த அளவுக்கு விங்கராக்கியது, அதாவது ஓரத்திலிருந்து தாக்கும் ஆட்டக்காரராக்கியது, லெஃப்ட் பேக்காக, அதாவது இடப்பக்கத் தடுப்பாட்டக்காரராக, ஆடிய அந்த ஒரு சீசன்தான்.

சரி, ஆரம்பத்தைச் சுருக்கமாக முடித்துவிடுகிறேன். 2001 செப்டம்பர் 5, லண்டன் ஈலிங்கில் பிறந்தார். பெற்றோர் நைஜீரியாவிலிருந்து வந்த யொரூபா மக்கள். சின்னப் பையனாகவே ஆர்சனலின் ஹேல் எண்ட் அகாடமியில் சேர்ந்துவிட்டார். 2018 நவம்பர் 29 அன்று, 17 வயதில், யூரோப்பா லீக்கில் உக்ரைன் அணி வோர்ஸ்க்லா போல்டாவாவுக்கு எதிராகக் கீயவ் நகரில் சப்பாக (மாற்று ஆட்டக்காரராக) இறங்கினார். 2019 ஜனவரி 1, ஃபுல்ஹாமுக்கு எதிராக, இங்கிலாந்தின் முதல்நிலை லீக்கான பிரீமியர் லீக்கில் முதல் ஆட்டம். 2001-இல் பிறந்த ஒருவர் அந்த லீக்கில் ஆடியது அதுதான் முதல் முறை. அப்போது அவர் முதுகில் இருந்த எண் 87. இந்த எண்ணை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், திரும்ப வரும்.

அடுத்த சீசன், 2019 செப்டம்பர். ஃபிராங்க்ஃபர்ட் மைதானத்தில் 3–0 வெற்றி. ஒரு கோல் இவர் அடித்தது, மற்ற இரண்டுக்கும் பாஸ் கொடுத்தது இவர். இப்படி ஆடுகிற பையனை முன்வரிசையில்தானே வைத்திருக்க வேண்டும்? அப்படி நடக்கவில்லை. டியர்னி, கொலாசினாட்ஸ் என்று இடப்பக்கத் தடுப்பாட்டக்காரர்கள் இரண்டு பேரும் காயத்தில் படுத்துவிட்டார்கள். அந்த டிசம்பரில்தான் ஆர்டேட்டா பயிற்சியாளராக வருகிறார். ஆள் இல்லாத இடத்தில் சாக்கா நிற்கிறார். 18 வயது, பழக்கமில்லாத இடம், எதிரே லீக்கின் வேகமான விங்கர்கள்.

விங்கரைக் கொண்டுபோய்ப் பின்னால் நிறுத்தினால் முதல் சில வாரம் அவமானம்தான். பந்து போனபிறகு ஓடுவான், தவறான பக்கம் திரும்புவான். சாக்காவும் சில இடங்களில் திணறினார். ஆனால் இன்னொரு பக்கம் பாருங்கள், அந்த இடத்தில் நின்றபடியே அந்த சீசனில் கோலுக்கு வழிசெய்து கொடுப்பதில் அணியில் முன்னணியில் இருந்தார். அதைவிட முக்கியம், ஃபுல்பேக்கின், அதாவது ஓரத்துத் தடுப்பாட்டக்காரரின், பயம் எப்படியிருக்கும் என்று உடம்பாலேயே கற்றுக்கொண்டார். இது என் கணிப்பு, அவர் எங்கேயும் சொன்னதாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

இப்போது மேஜைக்கு வருவோம். கேமராவைக் கொஞ்சம் சாய்க்கிறேன். தெரிகிறதா? இந்த நீல மூடிதான் சாக்கா, வலது ஓரத்தில், கோட்டை ஒட்டி நிற்கிறார். எதிரே இந்த அழிப்பான் எதிரணியின் லெஃப்ட் பேக். சாக்கா இடதுகால்காரர். அதனால் உள்ளே வெட்டி இடதுகாலில் அடிப்பார் என்று மைதானத்தில் பந்து பொறுக்கிக் கொடுக்கிற பையனுக்குக்கூடத் தெரியும். அழிப்பான் என்ன செய்யும்? உள்பக்க வழியை அடைத்துக்கொண்டு இப்படிச் சாய்ந்து நிற்கும். சாய்ந்த உடனே வெளிப்பக்கம் திறந்துவிட்டது. இந்தப் பென்சில், ஆர்சனல் தடுப்பாட்டக்காரர் பென் ஒயிட், பின்னாலிருந்து வெளியே ஓடி வருவார். இந்தச் சின்னப் பென்சில் நடுக்கள ஆட்டக்காரர் ஓடகார்ட், உள்ளே பந்து வாங்கத் தயாராக நிற்பார். அழிப்பான் மூன்று பேரையும் பார்க்க முடியாது.

இதுவரைக்கும் எல்லா அணியும் செய்வதுதான். சாக்கா கூடுதலாகச் செய்வது, பந்தை வாங்கிக்கொண்டு சும்மா நிற்பது. ஒரு நொடி. சில சமயம் இரண்டு நொடி. எதிரே இருப்பவரின் எடை எந்தக் காலுக்குப் போகிறது என்று பார்த்துக்கொண்டிருப்பார். அவர் முன்கால் அழுந்திய அந்தக் கணத்தில் மறுபக்கம் தள்ளிவிடுவார். பந்து அதிகமாகப் போயிருக்காது, அரை அடிதான். அந்த அரை அடி போதும். ஓடித் தோற்கடிக்கிற விங்கர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள், நின்று தோற்கடிக்கிறவர்கள் குறைவு. ஒரு சீசன் முழுக்க அந்த அழிப்பானாக நின்று பார்த்தவருக்கு இது வந்ததில் எனக்கு ஆச்சரியமே இல்லை.

(மூடி கீழே விழுந்துவிட்டது. பரவாயில்லை, விடுங்கள்.)

அப்புறம் 2020-இல் நீண்டகால ஒப்பந்தம், முதுகில் 7-ஆம் எண், அக்டோபரில் இங்கிலாந்து ஜெர்சி. எல்லாம் வேகமாக நடந்தது. 2021 ஜூலை 11, வெம்ப்ளி, இத்தாலிக்கு எதிரான யூரோ இறுதிப் போட்டி. ஆட்டம் சமனாகிப் பெனால்டி ஷூட்-அவுட்டுக்குப் போனது. அதில் ராஷ்ஃபோர்டின் அடி கம்பத்தில் பட்டது, சாஞ்சோவின் அடியைத் தடுத்துவிட்டார்கள். ஐந்தாவது அடி, 19 வயதுப் பையன் கையில். இத்தாலி கோல்கீப்பர் டொனாருமா தடுத்துவிட்டார். அதற்குப் பிறகு வந்த இனவெறி வசவுகளை நான் இங்கே திரும்பச் சொல்லப்போவதில்லை. ஒன்று மட்டும் சொல்கிறேன். அடுத்த மாதம் ஒரு நட்பு ஆட்டத்தில், பரம எதிரியான டாட்டன்ஹாமின் சொந்த மைதானத்தில், அவர் களமிறங்கியபோது அந்த ஊர் ரசிகர்களே கைதட்டினார்கள். வட லண்டன் பகை தெரிந்தவர்களுக்கு இது எவ்வளவு பெரிய விஷயம் என்று புரியும்.

அதற்காக அவர் பெனால்டியிலிருந்து ஒதுங்கினாரா என்றால், இல்லை. 2022 அக்டோபரில் லிவர்பூலை 3–2 என்று சாய்த்த பெனால்டி இவருடையது. மறுபடி தவறவும் விட்டார். 2023 ஏப்ரல் 16, வெஸ்ட் ஹாம், பந்து வெளியே போனது. 2025 ஏப்ரல் 16, ரியல் மாட்ரிட்டின் பெர்னபேயுவில், கோல்கீப்பர் விழுவார் என்று நம்பி நடுவில் மெதுவாகத் தூக்கிவிட்டார். குர்துவா தடுத்துவிட்டார். ஆமாம், அதே தேதி, சும்மா ஒரு தற்செயல். ஆனால் அன்றைக்கே இரண்டாம் பாதியில் அதே கீப்பரைத் தாண்டி கோல் போட்டார். ஆர்சனல் 2–1, இரண்டு ஆட்டமும் சேர்த்து 5–1. அந்தப் பெனால்டியை அப்படி அடித்தது எனக்குப் பிடிக்கவில்லை. அது அலட்சியம்தான், அதை மழுப்ப வேண்டாம்.

ஆனால் எனக்குப் பிடித்த ஆட்டம் அது இல்லை. 2024 ஜூலை 6, டியூசல்டார்ஃப், யூரோ காலிறுதி, சுவிட்சர்லாந்து. அப்போதைய இங்கிலாந்துப் பயிற்சியாளர் சவுத்கேட் அன்றைக்கு அமைப்பை மாற்றி இவரை வலது விங்-பேக்காக நிறுத்தினார். அதாவது, பாதி தடுப்பாட்டம். மறுபடி பழைய வேலை! 75-ஆவது நிமிடம் சுவிஸ் வீரர் எம்போலோ கோல் அடிக்கிறார், இங்கிலாந்து வீட்டுக்குப் போகிற நிலை. ஐந்தே நிமிடம். வலது ஓரத்தில் பந்து, எதிரே ஆள், உள்ளே வெட்டல், பெட்டிக்கு வெளியிலிருந்து தாழ்வான இடதுகால் அடி. தூரக் கம்பத்தில் பட்டு உள்ளே. எல்லோரும் எதிர்பார்த்த அதே ஆட்டம்தான், தடுக்க முடியவில்லை. பிறகு ஷூட்-அவுட்டில் மூன்றாவது ஆளாகப் போய் அடித்துவிட்டு வந்தார். வெம்ப்ளிக்குப் பிறகு மூன்று வருடம் ஆகியிருந்தது.

எங்கே ஆடச் சொன்னாலும் ஆடுகிறவரை ஓய்வே இல்லாமல் ஆடவைத்துவிடுவார்கள், இதில் உள்ள சிக்கலே அதுதான். அந்த 87 ஞாபகம் இருக்கிறதா? பிரீமியர் லீக்கில் ஆர்சனலுக்காகத் தொடர்ந்து 87 ஆட்டங்கள், ஒன்றுகூட விடாமல். முன்னாள் ஆர்சனல் வீரர் பால் மெர்சன் வைத்திருந்த சாதனையை 2023-இல் தாண்டினார். அதே வருடம் அக்டோபரில், பிரெஞ்சு அணி லான்ஸுக்கு எதிரான ஆட்டத்தில் தசை பிடித்துக்கொள்ள, அந்தத் தொடர் முடிந்தது. நாங்கள் ரசிகர்கள் அந்த எண்ணைக் கொண்டாடினோம். இப்போது திரும்பிப் பார்த்தால் அது ஒரு கடன் கணக்கு மாதிரி இருக்கிறது.

கடன் வசூலானது 2024 டிசம்பர் 21, கிரிஸ்டல் பேலஸ் மைதானத்தில். முதல் பாதியிலேயே தொடையின் பின்பக்கம், ஹாம்ஸ்ட்ரிங், கிழிந்தது. ஊன்றுகோலோடு வெளியேறினார், பிறகு அறுவை சிகிச்சை. விங்கருக்கு இந்தத் தசைதான் பிழைப்பு. முழு வேகத்தில் ஓடி, திடீரென்று நின்று, திரும்பி, மறுபடி ஓடும்போது கால் முன்னால் நீளும் அந்தக் கணத்தில்தான் அது இழுபட்டபடியே வேலை செய்கிறது. சோர்ந்த தசை அங்கேதான் விட்டுக்கொடுக்கும்.

மூன்று மாதத்துக்கு மேல் வெளியே. 2025 ஏப்ரல் 1, ஃபுல்ஹாமுக்கு எதிராகச் சப்பாக வந்தார், சில நிமிடங்களில் தலையால் ஒரு கோல். கோல் அடித்ததும் ரசிகர்கள் பக்கம் போகவில்லை, தன்னை நடக்கவைத்த ஃபிசியோவைத் தேடி ஓடிக் கட்டிப்பிடித்தார். அந்தக் கோடையில் ஆர்சனல் செல்சியிடமிருந்து நோனி மடுவேக்கேயை வாங்கியது. அவரும் இடதுகால்காரர், அவரும் வலது ஓரம். இடத்துக்குப் போட்டி வந்துவிட்டது என்று சிலர் முகம் சுளித்தார்கள். எனக்கு நிம்மதியாக இருந்தது. இவர் உட்காரும் நாளில் அந்த ஓரத்தில் நிற்க ஒருவர் இருக்கிறார், அவ்வளவுதான்.

கேமரா பேட்டரி சிவப்பு காட்டுகிறது. மூடியைத் தேடி எடுத்துக்கொண்டு கிளம்புகிறேன். வருகிறேன் மக்களே.